நாலு பேர் முன்னால் பேசினால் தீருமா?

கேள்வி:

டாக்டர், என் மகளுக்கு 21 வயது. கோவையில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினீயரிங் படிக்கிறாள். போன வருடம் பல் கூசுகிறது என்று பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். முன்பற்களின் உள்பக்கம் அரித்திருப்பதைப் பார்த்துவிட்டு, அவர் என்னை வெளியே உட்காரச் சொல்லி அவளிடம் தனியாக விசாரித்தார். இரண்டு வருடமாக ராத்திரி நேரத்தில் அளவுக்கு மீறிச் சாப்பிடுவதும், உடனே போய் வாந்தி எடுப்பதுமாக இருந்திருக்கிறாள். எங்களுக்குத் தெரியவே தெரியாது. அப்புறம் ஒருநாள் பொட்டாசியம் குறைந்து மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புலிமியா என்றார்கள். மாத்திரை, கவுன்சலிங் என்று இப்போது தேறி வருகிறாள். இந்த நேரத்தில் அவளுடைய சைக்காலஜிஸ்ட் வாரம் ஒருமுறை குரூப் தெரபிக்கு வரச் சொல்கிறார். இதே பிரச்சினை உள்ள ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து பேசுவார்களாம். என் கணவருக்குத் துளியும் இஷ்டமில்லை. நாலு பேருக்குத் தெரிந்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சு எடுக்க முடியுமா என்கிறார். என் பயம் வேறு. இவளுக்குத் தெரியாத புதுப் புதுப் பழக்கங்களை மற்றப் பெண்களிடம் கற்றுக்கொண்டு வந்துவிட்டால்? சும்மா பேசினால் நோய் தீருமா? வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு குறையும் வைத்ததில்லையே, இது எப்படி வந்தது என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கமே போய்விட்டது. அனுப்பலாமா, வேண்டாமா?

- ஒரு தாய், கும்பகோணம்

பதில்:

அனுப்பலாம் அம்மா. அனுப்பத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் விசாரிக்காமல் அனுப்ப வேண்டாம். உங்கள் கணவருடைய பயத்தைவிட உங்களுடைய பயம்தான் மருத்துவக் கணக்கில் பெரியது. அதனால் முதலில் அதற்கே வருகிறேன்.

மற்றவர்களிடமிருந்து புதுப் பழக்கங்களைக் கற்றுக்கொள்வாளோ என்கிறீர்கள். சரியாக நடத்தப்படாத குழுவில் அது நடக்கும். உணவுக் கோளாறுகளில், பிறரோடு தன் உடம்பை ஒப்பிட்டுக்கொண்டே இருப்பது நோயின் ஒரு பகுதி. அறைக்குள் நுழைந்ததும், இருப்பவர்களில் யார் ஒல்லி என்று கண் தானாகத் தேடும். ‘இவள் அளவுக்கு எனக்கு முற்றவில்லையே, நான் எதற்கு வந்தேன்’ என்று ஒருத்தி நினைப்பாள். இன்னொருத்திக்குத் தான் தோற்றுப்போனதாகத் தோன்றும். எத்தனை நாள் பட்டினி கிடந்தேன் என்று யாராவது சொன்னால், அது கேட்பவளுக்கு ஓர் இலக்காகிவிடலாம். இந்தத் துறையில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து இது. குழு சிகிச்சையின் விதிகள் பெரும்பாலும் இதை மனதில் வைத்துத்தான் வகுக்கப்பட்டிருக்கின்றன.

அவற்றில் தலையானது, எண்களைப் பேசக் கூடாது என்பது. ஒழுங்காக நடக்கும் குழுவில் தன் எடை என்ன, எத்தனை கலோரி சாப்பிட்டேன், எந்த சைஸ் சுடிதார் போடுகிறேன், வாரத்தில் எத்தனை தடவை வாந்தி எடுத்தேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எப்படிச் செய்தேன் என்ற விவரத்துக்கும் அங்கே இடமில்லை. ஒல்லியாக இருந்த காலத்துப் போட்டோக்களைக் காட்டக் கூடாது. யாராவது வாய் தவறி ஆரம்பித்தால், நடத்துபவர் அங்கேயே நிறுத்தி, ‘எண்ணை விட்டுவிடுவோம். அன்றைக்குச் சாயங்காலம் யாரோடு என்ன பேச்சு நடந்தது, மனசு எப்படி இருந்தது, அதைச் சொல்லுங்கள்’ என்று திருப்பிவிடுவார். எடை பார்ப்பது, ரத்தப் பரிசோதனை எல்லாம் தனியாக, டாக்டரிடம் மட்டும். இந்த விதி இருக்கிறதா என்று சைக்காலஜிஸ்டிடம் நேரடியாகக் கேளுங்கள். ‘அதெல்லாம் அவரவர் இஷ்டம்’ என்று பதில் வந்தால் அந்தக் குழு உங்கள் மகளுக்கு வேண்டாம்.

யாரைச் சேர்க்கிறார்கள் என்பதும் முக்கியம். குழுவில் எடுப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசிப் பார்க்க வேண்டும். உடம்பு இன்னும் நிலைப்படாதவர்கள், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்கள், போதைப் பழக்கத்தின் பிடியில் இருப்பவர்கள் ஆகியோருக்கு முதலில் வேறு சிகிச்சை தேவை. உங்கள் மகளுக்குப் பொட்டாசியம் சரியாகி, தனி சிகிச்சையும் கொஞ்ச காலம் நடந்த பிறகுதான் குழுவுக்கு அழைத்திருக்கிறார்கள். சரியான நேரத்தில்தான் அழைத்திருக்கிறார்கள். ஆறிலிருந்து பத்துப் பேர் வரை இருப்பது நல்லது. நடத்துவதற்கு இரண்டு பேர் இருந்தால் இன்னும் நல்லது. ஒருவர் பேச்சை நடத்தும்போது, மற்றவர் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பவளின் முகத்தைக் கவனிப்பார்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கெட்ட வழிகளைக் கற்றுத் தர உங்கள் மகளுக்கு வேறு பெண்கள் தேவையில்லை. கையிலிருக்கும் போனே போதும். பட்டினியைச் சாதனையாகக் கொண்டாடும் பக்கங்கள் அங்கே எப்போதும் திறந்திருக்கின்றன. தடுத்து நிறுத்த அங்கே யாரும் இல்லை. குழுவில் ஒருவர் இருக்கிறார். இதே காரணத்துக்காகத்தான், குழுவில் உள்ளவர்கள் தங்களுக்குள் தனியாக வாட்ஸ்அப் குரூப் தொடங்குவதை நான் விரும்புவதில்லை. அதற்கும் விதி உண்டா என்று கேட்டு வையுங்கள்.

இனி, இது எப்படி வந்தது என்ற கேள்வி. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. நீங்கள் சாப்பாட்டில் குறை வைத்ததால் வரவில்லை அம்மா. வளர்த்த விதத்தால் வந்தது என்று சொல்லவும் ஆதாரமில்லை. பரம்பரைக் கூறு, எதிலும் நூற்றுக்கு நூறு எதிர்பார்க்கும் சுபாவம், மனச்சோர்வு, உடம்பைப் பற்றி வந்து விழும் சொற்கள் எல்லாம் சேர்ந்துதான் வரும். பல பேருக்கு அது தொடங்கும் வாசல் டயட். காலையில் பட்டினி, மதியம் அரை வயிறு. இரவில் பசி பொறுக்காமல் கட்டுப்பாடு உடைகிறது. பிறகு குற்ற உணர்ச்சி, வாந்தி, நாளையிலிருந்து இன்னும் கடுமையாக இருப்பேன் என்ற சபதம். அந்தச் சபதமே மறுநாள் இரவுக்கு வழி வைக்கிறது.

இதை மன உறுதிக் குறைவு என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது மின்னசோட்டா ஆய்வு. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி, உடலும் மனமும் திடமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் ஏறத்தாழ பாதி அளவு உணவே கொடுத்தார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, அதற்குப் பதிலாக இந்த ஆய்வுக்குத் தாங்களாக முன்வந்தவர்கள் அவர்கள். ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை யாருக்கும் கிடையாது. அப்படியும் நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் குறிப்புப் புத்தகங்களைச் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், தனிமைக்குள் போனார்கள். பழையபடி உணவு கிடைத்த பிறகு சிலர் வயிறு கொள்ளாமல் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை என்றார்கள். பட்டினி போட்ட உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும். இந்த நோய்களின் சிகிச்சையில், வேளை தவறாமல் சாப்பிடுவது முதல் மருந்தாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். மூன்று வேளை உணவு, நடுவில் இரண்டு மூன்று தடவை சிற்றுண்டி, நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழாமல்.

சும்மா பேசினால் தீருமா என்று கேட்டீர்கள். இந்த நோய் ஒளிவில் வாழ்வது என்பதில்தான் அதற்குப் பதில் இருக்கிறது. புலிமியா உள்ளவர்கள் பெரும்பாலும் பார்க்க இயல்பான எடையில்தான் இருப்பார்கள், ஒளிப்பதும் எளிது. லண்டனில் ஜெரால்ட் ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் இதற்குப் பெயர் வைத்து விவரித்ததே 1979இல்தான். மருத்துவ உலகமே அத்தனை காலம் சரியாக அடையாளம் காணாத நோயை நீங்கள் இரண்டு வருடம் கவனிக்கவில்லை என்று உங்களை நொந்துகொள்ள வேண்டாம். ஒளிவு இருக்கும் வரை இந்த நோய்க்கு ஆயுள் உண்டு. உலகத்தில் நான் ஒருத்திதான் இப்படி அசிங்கமாக நடந்துகொள்கிறேன் என்று அந்தப் பெண் நம்புகிறாள். நானும் நீங்களும் ‘இல்லை’ என்று நூறு தடவை சொன்னாலும், அது ஆறுதலாக மட்டும்தான் போய்ச் சேரும். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண், கலகலவென்று சிரித்துப் பேசி நன்றாகப் படிக்கிற ஒருத்தி, ‘எனக்கும் அப்படித்தான்’ என்று சொல்லும்போதுதான் அந்த நம்பிக்கை உடைகிறது. குழு சிகிச்சை பற்றி 1970இல் வெளிவந்து இன்றும் உளவியல் மாணவர்கள் படிக்கிற நூல் ஒன்றை எழுதிய இர்வின் யாலோம், குழு ஏன் குணப்படுத்துகிறது என்பதற்கு அடுக்கிய காரணங்களில் இதுவும் ஒன்று.

அவர் சொன்ன இன்னொரு காரணம், பிறருக்கு உதவுவது. குழுவில் இப்படி ஒரு பேச்சு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி, ‘மூன்று வாரம் நன்றாக இருந்தேன், நேற்று சறுக்கிவிட்டேன், நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று அழுகிறாள். உங்கள் மகள் தன்னையறியாமல், ‘ஒரு நாள்தானே, அதற்காக மூன்று வாரமும் வீணாகிவிடுமா?’ என்று கேட்கிறாள். நடத்துபவர் மெதுவாக உங்கள் மகள் பக்கம் திரும்பி, ‘போன வாரம் நீ சறுக்கியபோது உனக்கு நீயே இதைச் சொல்லிக்கொண்டாயா?’ என்பார். தனியறையில் எவ்வளவு திறமையான சைக்காலஜிஸ்டாலும் இந்தக் கணத்தை உண்டாக்க முடியாது. அதற்கு இன்னொரு பெண்ணின் கண்ணீர் தேவைப்படுகிறது.

ஆனால் ஒன்றரை மணி நேரமும் அழுகையும் ஆறுதலுமாகப் போகும் குழுவை நான் நல்ல குழு என்று சொல்ல மாட்டேன். அங்கே வேலை நடக்க வேண்டும். அந்த வாரத்து உணவுக் குறிப்பேட்டைப் பார்த்து, எந்த இடத்தில் வேளை தவறியது, அதற்கு முன் என்ன நடந்தது என்று தேடுவார்கள். வாந்தி எடுக்க வேண்டும் என்ற உந்துதல் வந்தால், அது ஏறி உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும்வரை எப்படித் தாக்குப்பிடிப்பது என்று பழகுவார்கள். வரப்போகும் வாரத்துக்குத் திட்டம் போடுவார்கள். நம் ஊரில் வரப்போகும் வாரம் என்றால் ஒரு கல்யாணமோ சீமந்தமோ கட்டாயம் இருக்கும். பந்தியில் உட்கார்ந்ததும், ‘என்னடி, இப்படிச் சதை போட்டுட்டே’ என்று ஒரு சித்தி கேட்பார், ‘இவ்வளவு ஒல்லியா இருந்தா எப்படி?’ என்று அதே பெண்ணை ஓர் அத்தை கேட்பார். குழுவில் ஒருத்தி அந்தச் சித்தியாக நடிப்பாள். உங்கள் மகள் பதில் சொல்லிப் பார்ப்பாள். முதல் தடவை தொண்டை அடைக்கும். இரண்டாவது தடவை, ‘உடம்பைப் பத்திப் பேச வேண்டாம் சித்தி, உங்க பேரன் எப்படி இருக்கான்?’ என்று வரும். சித்தியாக நடித்தவளே கைதட்டுவாள். மண்டபத்தில் அந்தச் சொல் நிஜமாகவே விழும்போது, பதில் ஏற்கெனவே நாக்கில் இருக்கும்.

சில சிகிச்சை மையங்களில் குழுவாகச் சேர்ந்து சாப்பிடும் அமர்வும் உண்டு. நடத்துபவரும் கூடவே உட்கார்ந்து அதே உணவைச் சாப்பிடுவார். சாப்பிடும்போது சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு இல்லை. முடிந்ததும் யாரும் எழுந்து குளியலறைக்குப் போகாமல், ஒரு மணி நேரம் போல ஒன்றாக இருந்து வேறு எதையாவது செய்வார்கள். மற்றவர் கண்ணெதிரே ஒரு தட்டுச் சோற்றை முழுதாகச் சாப்பிடுவது நமக்குச் சாதாரணம். வருடக்கணக்கில் ஒளிந்து சாப்பிட்டவளுக்கு அது மலையேறுவது.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். தனி சிகிச்சையை நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாகக் குழு என்றால், உங்கள் மகளின் விஷயத்தில் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாந்தி எடுக்காமல் கட்டுமீறிச் சாப்பிடும் கோளாறுக்கு, வழிகாட்டுதலோடு கூடிய சுயஉதவி போதாதபோது, வாரம் ஒன்றரை மணி நேரம் வீதம் 16 அமர்வுகள் குழு சிகிச்சை தரச் சொல்கிறது. புலிமியாவுக்கு அதே வழிகாட்டுதல், சுயஉதவி போதாதபோது, தனியாகத் தரும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையைத்தான் சொல்கிறது, 20 அமர்வுகள் வரை. பட்டினி கிடந்து எடை மிகக் குறைந்துபோகும் அனோரெக்ஸியா என்ற நோய்க்குக் குழுவை மட்டும் நம்பியிருப்பது தவறு. ஆகவே மாத்திரை, டாக்டர், தனி ஆலோசனை எல்லாம் தொடரட்டும், கூடவே குழுவும். இதைச் சைக்காலஜிஸ்டிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. ஐயா, ஊர் வாயைப் பற்றிய உங்கள் கவலையை நான் தள்ளிவிடவில்லை. நம் சமூகத்தில் அந்த வாய் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் என்ன செய்யும் என்று எனக்கும் தெரியும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சை தருபவர்கள் உங்கள் மகளின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்கக் கடமைப்பட்டவர்கள். குழுவில் இருக்கும் மற்றப் பெண்களை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது, ஆனால் இங்கே கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அவர்களைச் சேர்ப்பது வழக்கம். அவர்களுக்கும் இழப்பதற்கு அதே அளவு இருக்கிறது. குழு நடப்பது கோவையில், உங்கள் ஊரில் அல்ல. வெளியே சொல்லக் கூசும் நோய்க்குக் கூட்டமா என்றும் நீங்கள் கேட்கலாம். 1905இல் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் ஏழைக் காசநோயாளிகளை வாரம் ஒருமுறை ஒன்றாக உட்காரவைத்ததைத்தான் குழு சிகிச்சையின் தொடக்கம் என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்தும் இல்லை, நோயாளியை அண்ட விடுவாரும் இல்லை. அவமானம் சூழ்ந்த நோய்களுக்குக் கூட்டம் உதவும் என்பது அன்றிலிருந்தே கண்ட அனுபவம். பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். உங்கள் மகள் அந்த விளிம்புவரை போய்த் திரும்பியவள். கல்யாணப் பேச்சுக்கு முன்னால் அவள் பிழைத்து எழ வேண்டும்.

வீட்டில் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். குழுவிலிருந்து வந்த அன்று, ‘என்ன பேசினீங்க, யார் என்ன சொன்னா?’ என்று கேட்காதீர்கள். அவளாகச் சொன்னால் கேளுங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரலாம், இனிமேல் போகமாட்டேன் என்றும் சொல்லலாம். மூடி வைத்ததைத் திறக்கும்போது வலிக்கும். நாலைந்து வாரமாவது பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அந்த வாரங்களில் அவள் சாப்பாடு குறைந்தாலோ, குழுவில் உள்ள இன்னொரு பெண்ணின் உடம்பைப் பற்றியே பேசினாலோ, காத்திருக்க வேண்டாம், உடனே சைக்காலஜிஸ்டிடம் சொல்லுங்கள்.

விடுமுறைக்கு வரும்போது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் அவளைத் தனியே விடாமல், பூக் கட்டவோ கடைக்குப் போகவோ கூப்பிடுங்கள். காவல் காப்பதாக அவளுக்குத் தோன்ற வேண்டாம். ‘இப்பத்தான் முகம் தெளிவா, பூசினாப்ல இருக்கே’ என்று பாராட்டாகக்கூடச் சொல்லாதீர்கள். அவள் காதில் அது குண்டாகிவிட்டாய் என்று விழும். புரட்டாசிச் சனி, ஏகாதசி, சஷ்டி விரதம் எதுவும் டாக்டர் சொல்லும் வரை அவளுக்கு வேண்டாம். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். உங்கள் வீட்டில் வேறு யாராவது டயட் இருந்தால், அந்தப் பேச்சைச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்க வேண்டாம்.

பெற்றோருக்கும் குழு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1990களின் பிற்பகுதியில் லண்டனிலும் ஜெர்மனியின் டிரெஸ்டனிலும் பல குடும்பங்களை ஒன்றாக வைத்துச் சிகிச்சை தரும் முறையை வளர்த்தெடுத்தார்கள். பெரும்பாலும் அனோரெக்ஸியா உள்ள பதின்வயதுப் பிள்ளைகளுக்கானது. ஐந்தாறு குடும்பங்கள் நாள் முழுக்கச் சேர்ந்து இருக்கும், ஒன்றாகச் சாப்பிடும். ஒரு வீட்டுப் பெண்ணுக்கு அடுத்த வீட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட உதவுவார். பெற்ற தாயோடு சண்டை போடும் பிள்ளை, அடுத்தவர் வீட்டு அம்மா சொன்னால் ஒரு வாய் எடுத்து வைக்கும். நம் ஊரில் இது அரிது. ஆனால் உங்கள் மகளின் சைக்காலஜிஸ்டிடம், இன்னும் இரண்டு மூன்று பெற்றோரைச் சேர்த்து மாதம் ஒருமுறை எங்களுக்கும் பேச இடம் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தூக்கம் கெட்டுக் கிடக்கும் தாய் நீங்கள் ஒருவர் மட்டுமல்ல.

உணவுக் கோளாறுக்கென்றே தனிக்குழு கிடைக்காத ஊர்களில் இருந்து இதைப் படிப்பவர்களும் இருப்பீர்கள். தகுதியான உளவியலாளர் வீடியோ வழியே நடத்தும் குழுவும் பயன் தரும், அதே விதிகள் இருந்தால். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், இரவிலும் பேசலாம். மயக்கம், படபடப்பு, வாந்தியில் ரத்தம், சாக வேண்டும் என்ற பேச்சு இவற்றில் எது வந்தாலும் குழுவுக்கோ ஆலோசனைக்கோ காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 108-ஐ அழையுங்கள்.

அம்மா, கடைசியாக ஒரு வேண்டுகோள். குழுவில் சேரும் முன், சைக்காலஜிஸ்டைப் பார்க்க மகளோடு நீங்கள் மட்டும் போகாதீர்கள். மகளுக்குச் சம்மதம் என்றால் உங்கள் கணவரையும் அழைத்துப் போங்கள். விதிகள் என்ன, யாரெல்லாம் வருகிறார்கள், ரகசியம் எப்படிக் காக்கப்படுகிறது என்று அவரே தன் வாயால் கேட்கட்டும். பதில்கள் திருப்தியாக இருந்தால் அந்த வாரமே சேர்த்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.